களைப்பும் கஃபீனும்: ஒரு வரலாற்று நோக்கு

கோப்பியையும் தேயிலையையும் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் காணி, மூலதனம், கூலி, ஏற்றுமதி என்பவற்றின் வரலாறுகளாகவே அமைந்துள்ளன. அவ்வாறு அமைந்தமைக்குத் தக்க காரணமும் உண்டு. மலையகத்தின் இன்றைய சமூக அமைப்பை உருவாக்கியவை அவ்விரு பயிர்களே. எனினும், அவை எதன்பொருட்டுப் பயிரிடப்பட்டன, கடல்கடந்து சென்று எவருடைய உடலில் என்ன செய்தன என்னும் வினாக்கள் வைத்திய நூலாரின் பொறுப்பென விடப்பட்டுவிட்டன. வைத்திய நூலாரோ கஃபீன் நன்றா தீதா, நாளொன்றுக்கு எத்தனை கோப்பை தகும் என்ற அளவில் நின்றுவிடுவர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியொன்று ஆராயப்படாது கிடக்கின்றது. கஃபீனின் உடல்நல விளைவுகள் பற்றிய அறிவு எவ்வாறு உருவாயிற்று, அவ்வினாவை எழுப்பியோர் யாவர், எவருடைய தேவை கருதி எழுப்பினர் என்பனவற்றையே இங்கு நாம் நோக்க விழைகின்றோம். வினா எழுப்பியோரின் சமூக நிலை விடையின் போக்கைப் பெரிதும் நிர்ணயித்துள்ளது என்பது எமது கருத்து. அதனால் விடைகள் யாவும் பொய் என்று கொள்ளுதல் பொருந்தாது. விஞ்ஞானம் வர்க்க நலன்களின் வெறும் எதிரொலி எனக் கூறி அமைந்துவிடுவோரின் எளிய முடிபை நாம் ஏற்பதற்கில்லை.

*

15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டுச் சூபிகள் இரா வணக்கத்தின்போது விழித்திருத்தற்பொருட்டுக் கோப்பியை அருந்தினர். அப்பானம் வடக்கே பரவி மக்காவை அடைந்தபோது, 1511ஆம் ஆண்டு, நகரின் சந்தை ஒழுங்கைக் கண்காணிக்கும் பதவியிலிருந்த கைர் பெக் என்பவர் சட்ட அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி அதன்மீது ஒரு விசாரணை நடத்தினார். கோப்பி உடற்கூறுகளின் சமநிலையைக் குலைக்கும் தன்மையது என மருத்துவர் சான்று பகர்ந்தனர், பானம் தடைசெய்யப்பட்டது. ஆனால் கெய்ரோவிலிருந்து சுல்தான் அனுப்பிய ஆணையோ ஒழுக்கக்கேடான கூட்டங்களைத் தடுத்ததேயன்றிப் பானத்தைத் தடுக்கவில்லை. அதிகாரத்தை உறுத்தியது கோப்பியன்று, கோப்பியைச் சுற்றி இரவில் கூடியிருந்த மனிதரே என்பது இவ்வேறுபாட்டினாற் புலனாகின்றது. மருத்துவச் சான்று அந்த அச்சத்துக்கு அணிவித்த ஆடையாக அமைந்தது. 1675ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் கோப்பிக்கடைகளை மூடுமாறு பிரகடனம் செய்த இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் அத்தகைய ஆடையையும் நாடவில்லை. அரசுக்கெதிரான பொய்ச் செய்திகள் அங்கே பரப்பப்படுகின்றன என நேரடியாகவே கூறினான். எதிர்ப்பு வலுத்தமையால் சில நாட்களுள் அப்பிரகடனம் மீளப் பெறப்பட்டது.

18ஆம் நூற்றாண்டில் வினாவின் இயல்பு மாறுகின்றது. 1756இல் இலண்டன் வணிகரான யோனாஸ் ஹான்வே தேநீரைக் கண்டித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தேநீர் உடலுக்குக் கேடு, உழைப்புக்குத் தடை, தேசத்தின் செல்வத்துக்கு நட்டம் என்பன அவருடைய மூன்று குற்றச்சாட்டுகள். இம்மூன்றும் ஒரே மூச்சிற் கூறப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது. தேநீர்ப் பித்தரென்று தம்மையே வருணித்துக்கொண்ட சாமுவேல் ஜோன்சன் அதற்கு எழுதிய மறுப்பு இன்றும் நகைச்சுவைக்காகப் படிக்கப்படுகின்றது. ஆனால் ஹான்வேயின் உள்ளத்திலிருந்தது ஜோன்சன் போன்றோரின் உடல்நலமன்று. கூலியாளும் வேலைக்காரியும் தேநீர் அருந்தத் தொடங்கிவிட்டனரே என்பதே அவருடைய கவலை. பிரஷ்யாவில் மகா பிரடெரிக் 1777இல் தன் குடிகள் கோப்பியை விடுத்து பியர் அருந்தவேண்டுமெனப் பணித்தான். 1781இல் கோப்பி வறுக்கும் உரிமையை அரசின் ஏகபோகமாக்கி, கள்ளத்தனமாக வறுப்போரை மணத்தினாற் கண்டுபிடிக்கப் பழைய போர்வீரர்களைத் தெருக்களில் அலையவிட்டான். கோப்பிக்காக வெளிநாடு செல்லும் பணம் ஒருபுறமிருக்க, அப்பானத்திற் பழகியோர் போருக்கு உதவார் என்பதும் அவனது வாதமாகும். இத்தகைய ஆவணங்களில் 'உடல்நலம்' என்னுஞ் சொல் உழைக்கவும் போரிடவும் ஏழையின் உடலுக்குள்ள ஆற்றலையே குறித்தது.

இதே அளவுகோலைக்கொண்டு, ஒரு நூற்றாண்டு கழிவதற்குள், முற்றிலும் எதிரான முடிபு எய்தப்பட்டமை வியப்புக்குரியது. 1820களிலும் வில்லியம் கொபெட் தேநீர் உழைப்பாளியின் உடலை நலிவிக்கும் என்று எழுதி, வீட்டில் பியர் வடிக்கும் வழக்கத்தை மீட்க முயன்றார். அவர் இழந்துபோன கிராமத்தின் குரலாகவே ஒலித்தார். ஆலைத்தொழில் பெருகிய இங்கிலாந்தில் பொறிகளின் அருகே நிற்பவனுக்கு மதுமயக்கம் ஆகாது, விழிப்பே வேண்டும். சிட்னி மின்ற்ஸ் 1985இல் வெளியிட்ட சீனி பற்றிய ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. வெப்பமான, இனிப்பூட்டிய தேநீர் ஆறிப்போன பாணையும் ஓர் உணவாக்கிற்று. சமைக்க நேரமற்ற ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அது மலிவான வலுவைத் தந்தது. வலுவைத் தந்தது சீனி. களைப்பை மறைத்தது கஃபீன். கொதிக்கவைத்த நீரை அருந்தியதால் விளைந்த நன்மையையும் மறுத்தற்கில்லை. எவ்வாறாயினும், உழைப்பின் பகையெனப் பழிக்கப்பட்ட பானம் உழைப்பின் துணையாயிற்று. மாறியது உற்பத்தி முறையேயன்றித் தேயிலையன்று.

*

வாதங்கள் இவ்வாறு நிகழ்ந்த காலமெல்லாம், பானத்திலுள்ள எப்பொருள் விழிப்பூட்டுகின்றது என்பதை எவரும் அறிந்திலர். 1819இல் யேனா நகரில் இளம் இரசாயனவியலாளரான பிரீட்லீப் பெர்டினாண்ட் றுங்கே, பெல்லடோனாச் செடியின் சாறு பூனையின் கண்மணியை விரிவடையச் செய்வதைக் கவிஞர் கதேக்குக் காட்டினார். மகிழ்ந்த கதே அரிதாயிருந்த கோப்பிக் கொட்டைகள் சிலவற்றை அவரிடம் கொடுத்து ஆராயுமாறு கூறினார். அவற்றிலிருந்து றுங்கே பிரித்தெடுத்த வெண்ணிறப் பளிங்கே கஃபீன். 1827இல் தேயிலையிலிருந்து பெறப்பட்டுத் 'தேயீன்' எனப் பெயரிடப்பட்ட பொருளும் இதுவேயென 1838இல் நிறுவப்பட்டது. எமில் பிஷர் 1895இல் அதனைச் செயற்கையாக உருவாக்கினார். பின்னாளில் நிலக்கரித் தாரிலிருந்து அனிலீனையும் கண்டறிந்து சாயத்தொழிலுக்கு வழிவகுத்த றுங்கே வறுமையில் மறைந்தார் என்பதையும் இங்கு குறித்தல் தகும்.

இக்கண்டுபிடிப்பின் முக்கியத்துவம் யாது? அதுவரை கோப்பி நல்லது, தேநீர் தீயது என்று பானங்களின் குணங்களே பேசப்பட்டன. இப்பொழுது ஒரு தனிப்பொருளை நிறுத்து, அளந்து, இன்ன அளவுக்கு இன்ன விளைவு என்று கூற வழி பிறந்தது. ஆனால் எவ்விளைவை அளப்பது? அந்த நூற்றாண்டின் இறுதி அதற்கு அளித்த விடை 'களைப்பு' என்பதாகும். தூரின் நகர உடற்றொழிலியலாளர் அஞ்சலோ மொசோ விரலால் ஒரு நிறையைத் திரும்பத் திரும்ப இழுக்கச் செய்து, தசை ஓயும் வரை நிகழ்வதைக் கோடுகளாகப் பதியும் கருவியொன்றை அமைத்தார். களைப்பு பற்றிய அவருடைய நூல் 1891இல் வெளிவந்தது. ஐரோப்பிய முதலாளித்துவம் மனித உடலை ஒரு பொறியாகக் கருதி அதன் வினைத்திறனைக் கணக்கிடத் தொடங்கிய காலம் அது. கேம்பிரிட்ஜில் டபிள்யூ. எச். ஆர். றிவேர்ஸ், வெபர் என்பாருடன் இணைந்து அதே வகைக் கருவியைக்கொண்டு கஃபீனைச் சோதித்து 1907இல் முடிபுகளை வெளியிட்டார். நீலகிரித் தொதவர் பற்றிய நூலால் நம் மானிடவியல் மாணாக்கர் நன்கறிந்த றிவேர்ஸ் இவரே. கஃபீன் தசையின் வேலைத்திறனை உயர்த்துகின்றது, ஆனால் ஆளுக்காள் அளவு வேறுபடுகின்றது என்பது அவர் கண்டது. இவற்றைவிட மேலான பங்களிப்பொன்றும் அவருடையது. தாம் அருந்துவது மருந்தோ வெறும் கலவையோ என்பதைச் சோதனைக்குட்படுபவர் அறியாதவாறு மறைக்கவேண்டும் என்பதை அவர் வற்புறுத்தினார். உற்சாகம் தரும் என நம்பிக் குடிப்பவனுக்கு வெந்நீரும் உற்சாகம் தரக்கூடுமன்றோ!

*

இம்முறை முழுமையான வடிவம் பெற்றது பல்கலைக்கழகமொன்றின் தூய ஆர்வத்தினாலன்று, ஒரு கம்பனியின் வழக்கினாலேயே. இதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1906இல் தூய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறியது. அதற்காக நெடுங்காலம் போராடியவர் அரசாங்க இரசாயனப் பணியகத்தின் தலைவர் ஹார்வி வைலி. 1909 ஒக்டோபரில் அற்லான்றாவிலிருந்து ரெனசி மாநிலத்தின் சட்டனூகா நகருக்குச் சென்ற கொக்கா-கோலாப் பாகு, நாற்பது பீப்பாயும் இருபது சிறு பீப்பாயும், அரசினாற் கைப்பற்றப்பட்டது. வழக்கின் பெயரே 'ஐக்கிய அமெரிக்கா எதிர் நாற்பது பீப்பாய்கள், இருபது சிறு பீப்பாய்கள்' என்பதாகும். உடலுக்குத் தீங்கான கஃபீன் அதில் சேர்க்கப்பட்டுள்ளது என்பது முக்கிய குற்றச்சாட்டு. ஒரு குவளைப் பானத்தில் ஏறக்குறைய 78 மில்லிகிராம் கஃபீன் அப்பொழுது இருந்தது. கோப்பியைப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் தாய் இதனைத் தயங்காது கொடுப்பாள், ஏனெனில் இதில் அப்பொருள் இருப்பதை அவள் அறியாள் என்பது வைலியின் வாதத்தின் உயிர்நாடி.

1911 மார்ச்சில் விசாரணை நெருங்கியபோது கம்பனி ஒரு குறையை உணர்ந்தது. முயலுக்கும் தவளைக்கும் பெருமளவிற் செலுத்தி அறிந்த செய்திகள் இருந்தன. மனிதரின் சிந்தனையிலும் செயலிலும் கஃபீன் என்ன செய்கின்றது என்பதற்குத் தக்க சான்றில்லை. புகழ்பெற்ற உளவியலாளர் ஜேம்ஸ் மக்கீன் கற்றல் போன்றோர், கம்பனியின் பணத்தைப் பெற்றுச் செய்யும் ஆய்வு தம் பெயருக்கு மாசாகும் என அஞ்சி ஒதுங்கினர். நியூயோர்க்கின் பார்னாட் கல்லூரியில் இளம் விரிவுரையாளராயிருந்த ஹரி ஹொலிங்வேர்த் ஏற்றுக்கொண்டார். முடிபு எதுவாயினும் வெளியிடும் உரிமை தமக்கு வேண்டும், தம் பெயரோ கல்லூரியின் பெயரோ விளம்பரத்தில் இடம்பெறலாகாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். பணத்தின் தேவையை அவர் மறைக்கவுமில்லை. அவருடைய மனைவி லீற்றா ஆசிரியையாகப் பயிற்சி பெற்றவர். ஆனால் மணமான பெண்களை நியூயோர்க் நகரப் பாடசாலைகள் வேலைக்கு ஏற்காமையால் வீட்டிலிருந்தார். சோதனைகளை நாள்தோறும் நடத்திய பொறுப்பிற் பெரும்பகுதி அவருடையதே.

மன்ஹற்றனில் வாடகைக்கு எடுத்த குடியிருப்பொன்றில் பத்து ஆடவரும் ஆறு மகளிருமாகப் பதினாறுபேர் நாற்பது நாட்கள் சோதிக்கப்பட்டனர். பாற்சர்க்கரை மட்டும் அடங்கிய குளிசைகளும் வெவ்வேறளவு கஃபீன் அடங்கிய குளிசைகளும் வழங்கப்பட்டன. எது எவருக்குக் கிடைத்தது என்பதை உட்கொண்டவரும் அறியார், அளந்தவரும் அறியார். தட்டெழுத்து, எண் கூட்டல், நிறங்களின் பெயர் கூறல், கையின் நடுக்கம், உறக்கம் என ஏறக்குறைய 64,000 அளவீடுகள் பதியப்பட்டன. சிறிய அளவு கஃபீன் தட்டெழுத்தை விரைவுபடுத்திற்று. பெரிய அளவு அதனை மந்தமாக்கிற்று. எண் கூட்டல் முதலியவற்றில் விளைவு தாமதமாகத் தோன்றி நெடுநேரம் நிலைத்தது. பெரிய அளவுகளாற் கை நடுங்கிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராமைக் கடந்தபோது பெரும்பாலோரின் உறக்கம் கெட்டது. வெறுவயிற்றில் உட்கொண்டபோது இக்கேடு மிகுந்தது. ஊக்கம் நீங்கியபின் அதற்கு ஈடாகத் தளர்ச்சி வரும் என்ற எதிர்பார்ப்புக்குச் சான்று கிடைக்கவில்லை. 1912இல் நூலாக வெளிவந்த இவ்வாய்வு, கம்பனி பணம் கொடுத்த ஆய்வாயிருந்தும், முறையியலில் அக்காலத்தின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்பதை எவரும் மறுத்திலர், நாமும் மறுப்பதற்கில்லை.

நீதிமன்றமோ இவ்வறிவைப் பயன்படுத்தவேயில்லை. கஃபீன் அப்பானத்தின் மூலக் கலவையிலேயே உள்ளது, ஆகவே அது 'சேர்க்கப்பட்ட' பொருளன்று என்ற சொல்நுணுக்கத்தைக்கொண்டு நீதிபதி சான்ஃபோர்ட் கம்பனிக்குச் சார்பாக முடிவு செய்யும்படி யூரர்களைப் பணித்தார். 1916இல் உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தை நிராகரித்து வழக்கை மீள அனுப்பியது. மறு விசாரணை நிகழ்வதற்கு முன்பே, 1917இல், கம்பனி கஃபீனின் அளவைப் பாதியாகக் குறைத்து வழக்குச் செலவையும் ஏற்று இணக்கத்துக்கு வந்தது. எனவே கஃபீன் தீங்கானதா என்ற வினாவுக்கு யூரர் எவரும் விடை கூறவில்லை.

ஹொலிங்வேர்த்தின் முடிபுகள் பொய்யல்ல. அவை எவ்வினாக்களுக்கு விடைகள் என்பதே ஆராயத்தக்கது. சோதிக்கப்பட்டோர் 19 முதல் 39 வயதுவரையுள்ள நலமிக்கவர்கள். வைலியைக் கவலைகொள்ளச் செய்த பிள்ளைகள் அங்கில்லை. அளக்கப்பட்டது எழுத்தாளர் அலுவலகத்தின் வேலை. தட்டெழுத்தின் வேகமும் கணக்கின் பிழையும். நாற்பது நாளில் அறியக்கூடியது அறியப்பட்டது. நாற்பது ஆண்டில் அறியக்கூடியது அதற்குள் அடங்காது. மறுபுறத்தில், இவ்வாய்வினால் ஈட்டிய பணம் லீற்றா ஹொலிங்வேர்த் உயர்கல்வி பெற உதவிற்று. மாதவிடாய்க் காலத்தில் பெண்களின் அறிவாற்றல் குன்றும் என அன்று பரவியிருந்த நம்பிக்கையை, இதே அளவீட்டு முறைகளைக்கொண்டு சோதித்து, அதற்கு ஆதாரமில்லை என்று 1914இல் அவர் காட்டினார். கம்பனியின் பணத்தில் வளர்ந்த முறையொன்று பெண்விடுதலைக்கு ஆயுதமானமை, விஞ்ஞானத்தின் சமூக உறவுகளை ஒற்றைக்கோட்டில் வரைய முற்படுவோர் மறக்கலாகாத செய்தியாகும்.

*

இவ்வாய்வுகள் கூறியதன் பொருளை முதலாளிகள் அறியாமலில்லை. கொலராடோ மாநிலத்து டென்வரில் கழுத்துப்பட்டி நெய்யும் சிறு ஆலையொன்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இளைஞர்களைப் படைக்கு இழந்து, நடுத்தர வயதுப் பெண்களை வேலைக்கமர்த்தியது. அவர்கள் விரைவிற் களைத்தனர். காலையிலும் மாலையிலும் பதினைந்து நிமிடம் கோப்பியோ தேநீரோ அருந்த இடைவேளை விட்டபோது, முழு நாளில் இயலாதவற்றையும் குறைந்த நேரத்தில் நெய்து முடித்தனர். முதலாளி மகிழ்ந்து இடைவேளையைக் கட்டாயமாக்கினார். ஆனால் அந்த அரைமணி நேரத்துக்குக் கூலி கொடுக்க மறுத்தார். தொழில் திணைக்களம் வழக்குத் தொடுத்தது. 1956இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவ்விடைவேளை தொழிலாளரின் வினைத்திறனைப் பெருக்குவதால் அதன் பயன் முதலாளிக்கும் உரியது, ஆதலின் அது வேலைநேரமே என்று தீர்ப்பளித்தது. தொழிலாளருக்குச் சாதகமான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் தருக்கத்தைக் கவனித்தல் வேண்டும். ஓய்வு மனிதனின் உரிமை என்று அத்தீர்ப்பு கூறவில்லை. ஓய்வும் உற்பத்தியின் ஒரு கூறு என்றே கூறிற்று.

கஃபீன் களைப்பை எவ்வாறு அகற்றுகின்றது என்பது அப்பொழுது தெரியாது. 1970களிலும் 1980களிலும் நிகழ்ந்த ஆய்வுகளே அதனைத் துலக்கின. நாம் விழித்திருக்கும் வேளையில் மூளையில் அடினோசீன் என்னும் பொருள் திரள்கின்றது. நரம்புக் கலங்களிலுள்ள வாங்கிகளில் அது பொருந்தும்போது செயல் தணிந்து உறக்கம் தலைப்படும். கஃபீன் அமைப்பில் அதனை ஓரளவு ஒத்தது. ஆதலின் அவ்வாங்கிகளைத் தான் பற்றிக்கொண்டு அடினோசீன் பொருந்தாமற் றடுக்கின்றது. அதாவது களைப்பு அகலவில்லை. களைப்பின் செய்தி போய்ச் சேரவில்லை. தொடர்ந்து அருந்துவோரின் உடல் இதற்கு இசைந்துகொள்வதால், அருந்தாதபோது பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துள் தலைவலியும் சோர்வும் தோன்றுகின்றன. 2013இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாடு இதனை ஒரு தனிநிலையாக ஏற்றது. காலைத் தேநீர் தரும் தெளிவில் ஒரு பகுதி, முந்திய நாளின் தேநீர் விட்டுச்சென்ற குறையை நிரப்புவதேயாகும்.

*

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வினா மீண்டும் மாறியது. நீண்டகால நோய்களே இப்பொழுது பேசப்பட்டன. 1981இல் பொஸ்ரனிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று கோப்பிக்கும் சதையிப் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு எனக் கூறி உலகெங்கும் பரபரப்பை விளைத்தது. ஒப்பீட்டுக்கென எடுக்கப்பட்ட நோயாளருட் பலர் வயிற்று நோயினாற் கோப்பியைக் குறைத்துக்கொண்டவர்கள் என்ற குறை பின்னர் சுட்டப்பட்டது. 1986இல் அதே ஆய்வாளர்களின் மறு ஆய்வும் முன்னைய முடிபை உறுதிப்படுத்தவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1991இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தொடர்பாகக் கோப்பியை ஐயத்துக்குரியதென வகைப்படுத்தி, 2016இல் அவ்வகைப்பாட்டைக் கைவிட்டது. மிகுந்த சூட்டில், 65 பாகை செல்சியசுக்கு மேல், எதனை அருந்தினும் உணவுக்குழாய்க்கு ஆபத்து நேரக்கூடும் என்றது. கோப்பி அருந்துவோருட் புகைபிடிப்போர் மிகுதி என்பதைக் கருத்திற்கொள்ளாமை பழைய ஆய்வுகள் பலவற்றைப் பிழைவழிப்படுத்திற்று. இன்றைய ஆய்வுகள் கோப்பி அருந்துவோரிடையே நீரிழிவு குறைந்து காணப்படுவதாகக் கூறுகின்றன. ஆனால் கஃபீன் நீக்கிய கோப்பியிலும் அத்தொடர்பு காணப்படுவதால் அதனைக் கஃபீனின் புகழாகப் பாடுதல் பொருந்தாது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015இல், நலமுள்ள வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கவலைக்குரியதன்று என்றும், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமே எல்லை என்றும் வரையறுத்தது. ஒரு கோப்பைத் தேநீரில் நாற்பது ஐம்பது மில்லிகிராமும், கோப்பியில் ஏறத்தாழ அதன் இருமடங்கும் இருக்கும். இவ்வெண்கள் பயனுடையனவே. ஆயின் 'நலமுள்ள வளர்ந்தோர்' என்பது ஒரே உடலன்று. ஈரலிலுள்ள நொதியம் கஃபீனைச் சிதைக்கின்றது. உட்கொண்டதிற் பாதி குறைவதற்குச் சராசரி ஐந்து மணி நேரமாகும். புகைபிடிப்போரில் அது விரைவுறும். கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களில் ஏறக்குறைய இருமடங்காக நீளும். கருவுற்ற இறுதி மாதங்களிற் பதினைந்து மணி வரை செல்லும். புதிதாய்ப் பிறந்த குழந்தையிலோ பல நாட்கள் எடுக்கும். ஒரே கோப்பை ஒருவருக்கு நண்பகலோடு முடிய, மற்றவருக்கு நள்ளிரவிலும் தொடர்கின்றது.

இதன் மறுபக்கமும் உண்டு. மூச்சு விட மறக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குக் கஃபீன் இன்று உயிர்காக்கும் மருந்து. ஈராயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக்கொண்டு நிகழ்ந்த பன்னாட்டுச் சோதனையொன்றின் முடிபுகள் 2006இலும் 2007இலும் வெளிவந்து, அது நுரையீரல் நோயைக் குறைத்து, பிற்கால ஊனங்களையும் தணிக்கின்றது என நிறுவின. ஹான்வே முதல் வைலி வரை எவரும் கனவிலும் கருதாத பயன் இது. இச்சோதனையின் வினாவில் உழைப்பின் வினைத்திறனுக்கு இடமேயில்லை என்பதும் நோக்கத்தக்கது.

*

நம் நாட்டுக்கு வருவோம். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் இலங்கைக் கோப்பியை அழித்தமையும், 1867இல் லூல்கந்துறையில் ஜேம்ஸ் ரெயிலர் நட்ட தேயிலை அதனிடத்தைப் பிடித்தமையும் யாவரும் அறிந்தவை. கோப்பி பறிக்கும் பருவத்துக்கு மட்டும் தமிழகத்திலிருந்து நடந்து வந்து திரும்பிய தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலையோடு குடும்பமாய் நிலைகொண்டனர். அவர்கள் கொய்யும் 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்ற வாய்பாட்டுக்குள்ளும் கஃபீன் இருக்கின்றது. பூச்சிகளிடமிருந்து தன் இளந்தளிரைக் காக்கவே செடி அப்பொருளை அங்கு மிகுதியாகச் சேர்க்கின்றது; முற்றிய இலையில் அது குறைவு. செடியின் இத்தற்காப்பே மலையகத்தின் கூலிக் கணக்கை நிர்ணயித்தது.

இத்தேயிலையிற் சிறந்தன கப்பலேற, தூளே உழைத்தவர்க்கு எஞ்சிற்று. மலையில் விடியற்காலைக் குளிரில் அருந்தப்படும் 'சாயத் தண்ணி' அத்தூளிற் காய்ச்சியதே. இலண்டன் ஆலைத் தொழிலாளிக்கு அது செய்த பணியையே கொழுந்து பறிப்பவளுக்கும் செய்தது; குளிரைத் தணித்தது, பசியைத் தள்ளிவைத்தது, களைப்பை மறைத்தது. தோட்டப்புறப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலமாக அறியப்பட்ட பிரச்சினை. அதற்கான காரணங்களுள் ஒன்றாக உணவோடு தேநீர் அருந்தும் பழக்கம் சுட்டப்படுவதுண்டு. சுட்டுதல் தவறன்று, ஆனால் இக்குற்றம் கஃபீனுடையதன்று. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவின் இரும்பைப் பற்றிக்கொண்டு உடல் அதனை உறிஞ்சாமற் செய்கின்றன. இங்கே கூர்ந்து நோக்கத்தக்க வேறுபாடொன்று உண்டு. இவ்வாறு பெரிதும் தடுக்கப்படுவது தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பே. இறைச்சியிலும் மீனிலும் குருதிநிறப் பொருளோடு பிணைந்துள்ள இரும்பைத் தேநீர் அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே, இறைச்சி உண்பவரின் மேசையில் தீங்கற்றதாயிருக்கும் அதே தேநீர், ரொட்டியும் சம்பலும் உண்பவளின் குருதியைக் குறைக்கின்றது.

உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்துக என்பது இதற்கு வைத்தியர் கூறும் அறிவுரை. விஞ்ஞான நோக்கில் அது முற்றிலும் சரியானது. ஆனால் கொழுந்தை நிறுத்துக் கொடுப்பதற்கும், பிள்ளை மடுவத்திலுள்ள குழந்தைக்குப் பாலூட்டுவதற்கும், தான் உண்பதற்கும், மீண்டும் மலையேறுவதற்கும் சேர்த்தே மதிய இடைவேளை அவளுக்கு அளிக்கப்பட்டுள்ளது.